மணல் இல்லாத கடல்

எங்கள் டயாலிசிஸ் பிரிவில் காலையில் முதலில் எழுந்திருப்பது தண்ணீர்தான். நோயாளிகள் வந்து சேர்வதற்கு முன்பே பின்னறையில் சுத்திகரிப்பு இயந்திரம் உறுமத் தொடங்கிவிடும். அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, இரண்டு சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார் டெக்னீஷியன் அம்மாள். அவர் தலையசைத்தால்தான் எங்கள் பன்னிரண்டு பேரின் ரத்தமும் மெஷினுக்குள் போய் வரலாம். நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் தண்ணி அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனாலும் உயிர் அவர் கையில் இருப்பதால் எனக்கும் அக்காதான்.

நான் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் அந்தக் கட்டிலில் கிடக்கிறேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது எனக்கு இட்ட கட்டளை. குடிக்க முடியாதவனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசவாவது ஆசை இருக்காதா? அந்த ஆசையில்தான் அக்காவின் கதை எனக்குக் கிடைத்தது. ஒரே மூச்சில் அல்ல. ஊசி குத்தும்போது கொஞ்சம், மெஷின் கத்தினால் அதை அடக்க வரும்போது கொஞ்சம்.

ஒரு திங்கட்கிழமை அவர் என் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். நகக் கண்ணெல்லாம் பச்சை.

"என்னம்மா, வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா?"

"பாசிண்ணா. நேத்து முழுக்கச் சுரண்டினேன். போகவே மாட்டேங்குது."

"மாடித் தொட்டியா?"

"இல்ல, கடல்," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த நான்கு மணி நேரமும் எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் துணை.

அக்காவின் கணவரை எல்லோரும் டைவர் என்றே கூப்பிடுவார்கள். கப்பலின் அடிவயிற்றைச் சுத்தம் செய்வது அவர் தொழில். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கீழே மூழ்கி, அடித்தகட்டில் மெத்தை மாதிரி ஏறியிருக்கும் பாசியையும் ஒட்டுச் சிப்பியையும் சுரண்டி எடுக்க வேண்டும். இன்றைக்கு ஒரு துறைமுகம், அடுத்த மாதம் இன்னொன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் வீட்டில் இருப்பார். கல்யாணமான பத்தொன்பது வருஷமும் அப்படித்தான் ஓடின. ஒரே மகள் பிறந்ததும் பேசியதும் பள்ளிக்குப் போனதும் அவருக்கு போனில்தான் தெரியும்.

ஆனால் அந்த போன் தவறியதே இல்லை. வேலை முடிந்து மேலே ஏறி, உடம்பைத் துடைத்த கையோடு கூப்பிடுவார். "இன்னிக்கு ஒரு நீல மீன் என் கையிலேருந்தே கொத்தித் தின்னுச்சு தெரியுமா? பயமே இல்ல அதுக்கு. கீழ வெள்ளை மணல், பொடிச்ச சர்க்கரை மாதிரி. அதுக்கு நடுவுல பவளம், சிவப்பும் ஊதாவுமா, பூத்த தோட்டம் மாதிரி." அக்கா அடுப்படியில் நின்றுகொண்டே கேட்பார். பிறகு அன்றைக்கெல்லாம் அதே நினைப்பாக இருக்குமாம்.

"அவர் ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போறப்பல்லாம் எனக்குக் கடல் மேல பொறாமையா இருக்கும்ணா. சக்களத்தி மேல வருமே, அந்த மாதிரி. அவ்வளவு அழகா இருந்தா யாருக்குத்தான் வீட்டுக்கு வரத் தோணும்?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பலுக்கு அடியில் காற்றுக் குழாய் எதிலோ மாட்டிக்கொண்டது. அறுத்துக்கொண்டு அவசரமாக மேலே வந்தார் டைவர். ஆழத்திலிருந்து அப்படி வரக் கூடாது. ரத்தத்தில் கரைந்திருந்த காற்று குமிழியாகி முதுகுத் தண்டில் போய் அடைத்தது. ஏழு வாரம் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தது. இடது கால் பாதிதான் திரும்பியது. இனி நீச்சல் குளத்தின் ஆழம்கூட ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதைச் சொன்ன அன்றைக்கு அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷினின் திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவரைக் கூட்டிட்டு வந்தப்ப மனசுல ஒரு ஓரத்துல எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுண்ணா. இனிமே எங்கயும் போக மாட்டாரு, என் கூடவேதான் இருப்பாருன்னு. எவ்வளவு பெரிய பாவம் பாருங்க."

"பாவம் என்னம்மா, ஆசைதானே."

"ஆசைக்குத் தண்டனை உடனே கிடைச்சுடுச்சு. ஆள் வீட்டுல இருக்காரு. ஆனா லைன் கிடைக்கல."

ஜன்னலோரம் ஒரு நாற்காலி. எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் இறங்கும் மூன்று குழாய்கள். டைவர் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டீங்களா என்றால் ம். கால் வலிக்குதா என்றால் ம்ஹூம். தூரத்தில் இருந்தபோது நாள் தவறாமல் பேசிய மனிதர், நாலடித் தூரத்தில் ஊமையாகிவிட்டார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாலும் அம்மாவிடம் பேசு என்று போனை நீட்டிவிடுவார்.

கடலுக்கு அவர் போக முடியாது என்றால் கடல் வீட்டுக்கு வரட்டுமே என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. கடைத்தெருவில் கண்ணாடித் தொட்டியும் மீனும் விற்பவரிடம் போய்ப் பேசினார். உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்து, அதில் பவளம் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். கடலிலிருந்து பறித்து வந்தது வேண்டாம், வீட்டில் வளர்ப்பவர்களிடமே துண்டு வாங்கி நடலாம் என்றும் சொன்னார். நாலடி நீளத் தொட்டி கூடத்துக்கு வந்தது. அதைப் பார்த்ததும் டைவர் வீட்டோடு வந்த பிறகு முதல் முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"அடியில வெள்ளை மணல் போடணும், நாலு விரல் கனத்துக்கு."

போட்டார்கள். கடல் பாறை வந்தது, இரண்டு மீன் வந்தது, வெளிச்சத்தில் விரித்து ஆடும் பவளத் துண்டுகள் நாலைந்து வந்தன. டைவர் நாற்காலியை ஜன்னலிலிருந்து தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டார். அக்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஏழு மாதம். அதற்குப் பிறகு மணல் மேல் சிவப்பாக ஒரு ஆடை படர்ந்தது, ஆறிய பாலில் படிவது போல. எடுத்தால் மறுநாள் திரும்ப வரும். பாறை மேல் பச்சைப் பாசி நீள நீளமாக, ஈரத் தலைமுடி மாதிரி. அக்கா பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார், கடைக்காரர் கொடுத்த புட்டி மருந்தெல்லாம் ஊற்றிப் பார்த்தார், மூன்று நாள் விளக்கைப் போடாமல் இருட்டில் வைத்தார். பாசி தூங்கி எழுந்த மாதிரி தெம்பாக வந்தது. பவளங்கள் பாசிக்குள் மூச்சு முட்டிச் சுருங்கின. மீன் இரண்டில் ஒன்று செத்து மிதந்தது. நான் அவருடைய நகத்தைப் பார்த்தது அந்தச் சமயத்தில்தான்.

அடுத்த வாரம் டைவர் ஒரு படுக்கை விரிப்பை எடுத்துத் தொட்டி மேல் போர்த்திவிட்டார்.

"மூடியே கிடக்கட்டும். செத்த கடலை எதுக்கு வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டு?"

நாற்காலி மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டது.

இந்தக் கதையில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத பங்குதான். அந்த மாதம் என் ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"கறுப்பு சோடா குடிச்சீங்களா?"

"அரை டம்ளர்."

"அரை டம்ளரா?"

"டம்ளர் கொஞ்சம் பெரிசு."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. நானும் விடவில்லை. "ஏம்மா, வாரம் மூணு தடவை மெஷின்ல போட்டு எல்லாத்தையும் உறிஞ்சி எடுக்கறீங்களே, அப்புறமும் அது எங்கதான் ஒளிஞ்சிருக்கு?"

"ரத்தத்துல மிதக்கிறதைத்தாண்ணா மெஷின் எடுக்கும். மிச்சமெல்லாம் எலும்புல போய் உக்காந்திருக்கும். நாம இங்க எடுக்க எடுக்க, அது அங்கேருந்து மெல்ல மெல்ல..."

"சட்டியில இருந்தா அகப்பையில வந்துக்கிட்டேதான் இருக்கும்னு சொல்லுங்க."

அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். ஒட்ட வந்த பிளாஸ்திரி விரலிலேயே தொங்கியது. "சட்டி," என்றார். பிறகு, "மணல்," என்றார். என்னை விட்டுவிட்டு ஏதோ யோசனையில் நடந்து போனார். பிளாஸ்திரியை நர்ஸ்தான் வந்து ஒட்டினாள்.

தொட்டித் தண்ணீரை அக்கா வாரா வாரம் சோதித்தே வந்திருந்தார். பாசிக்கு உரமாகும் பாஸ்பேட், என் ரத்தத்தில் ஏறியிருந்த அதே சரக்குதான், அநேகமாக இல்லை என்றே காட்டும். அதனால்தான் குழம்பிப்போயிருந்தார். அன்று மாலை விரிப்பை விலக்கி, அடியிலிருந்து ஒரு கிண்ணம் மணலை அள்ளி, சுத்தமான தண்ணீரில் போட்டுக் குலுக்கி, தெளியவைத்துச் சோதித்தார். குழாய் மைப்புட்டி மாதிரி நீலமாகிவிட்டது. மீன் தின்னாமல் விட்ட தீனி, மீனின் கழிவு, செத்த பாசி எல்லாம் ஏழு மாதமாக மணலுக்குள் இறங்கி மக்கிக்கொண்டிருந்திருக்கிறது. சுண்ணாம்பு மணல் எலும்பைப் போலவே அந்தச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விட்டிருக்கிறது. கசிந்ததைக் கசிந்த இடத்திலேயே பாசி தின்றுவிடுவதால் தண்ணீரில் எதுவும் தெரியவில்லை.

"மணலை எடுத்துடலாங்க," என்றார் அக்கா. "அடி வெறுமனே இருக்கட்டும். அழுக்கு எங்க நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சா எடுத்துடலாம்."

டைவருக்கு வந்தது பாருங்கள் கோபம். "மணல் இல்லாம கடலா? அதுக்குக் குளியலறை வாளியில ரெண்டு மீனை விடு. நான் உங்கிட்ட சொன்ன கடல் இதா?"

"செத்துப்போன கடலை விட வாளி மேல்."

"என்னவோ பண்ணு. என்னைக் கேக்காதே."

ஞாயிற்றுக்கிழமை அக்கா தனியாகவே மணலை அள்ளினார். பதினோரு வாளி. அழுகிய முட்டை நாற்றம் வீடு முழுக்க. டைவர் கைத்தடியை ஊன்றிப் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மிச்சமிருந்த மீனைக் கடைக்காரர் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பாறைகளை அக்கா பாசி போகத் தேய்த்து, ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் உப்புத் தண்ணீர் நிரப்பி அதில் போட்டு, உள்ளே ஒரு பம்ப்பை ஓடவிட்டு மூடியால் மூடினார். இரண்டு மாதம் வெளிச்சமே படக் கூடாது. பாறைக்குள் இருக்கும் அழுக்கெல்லாம் உதிர்ந்து அடியில் விழும், அதை வாரம் இரண்டு முறை குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். "பாறைக்கு டயாலிசிஸ்," என்றார் என்னிடம். சிரிப்பு வரவில்லை அவருக்கு.

மூன்றாவது வாரம் வேலையிலிருந்து திரும்பியபோது பீப்பாயின் மூடி லேசாக விலகியிருந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே இருந்த பம்ப் அடிப்பக்கமாக இறங்கி, வாய் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஒரு கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தது. முடிச்சு சாதாரண முடிச்சு அல்ல. ஒரு இழுப்பில் அவிழும், தானாக ஒருபோதும் அவிழாது.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "நீ வச்ச மாதிரி வச்சா மேல் தண்ணிதான் சுத்தும். அடித் தண்ணி தூங்கும்."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"எப்படித் தெரியுமா? ஓடுற கப்பல்ல பாசி ஒட்டாது. நங்கூரம் போட்டு மாசக் கணக்கா நிக்குதே, அதுலதான் ஏறும். அதுலயும் தண்ணி வேகமா அடிக்கிற மூக்குல ஏறாது. சுக்கானுக்குப் பின்னாடி மறைவு ஒண்ணு இருக்கும், அங்கதான் முழங்கை நீளத்துக்குத் தொங்கும். பத்தொன்பது வருஷம் அதைத்தானே தடவிக்கிட்டிருந்தேன்."

குறுக்கே பேசினால் அந்தப் பேச்சு நின்றுவிடுமோ என்று அக்காவுக்குப் பயம். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு தொட்டி இரண்டு பேருடையதாயிற்று. தண்ணீரின் சுத்தம் அக்காவின் பொறுப்பு, தண்ணீரின் ஓட்டம் டைவரின் பொறுப்பு. காய் நறுக்கும் பலகை செய்கிற அதே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒரு தகடு வெட்டி வாங்கி அடியில் போட்டார்கள், பாறை உரசிக் கண்ணாடி கீறாமல் இருக்க. பாறைகளைத் தரையில் உட்கார வைக்காமல், சின்னச் சின்னக் குழாய்த் துண்டுகளைக் கால்களாக வைத்து உயர்த்தினார் டைவர். அடியில் தண்ணீர் புகுந்து ஓட வேண்டுமாம். ஒரு பம்ப் மேலே, ஒரு பம்ப் தரையைப் பெருக்குகிற மாதிரி கீழே. ஒரு சிட்டிகை தீனியைத் தூளாக்கிப் போட்டு அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார், பம்ப்பை அரை விரல் திருப்புவார், மறுபடி போடுவார். கடைசியில் எந்த மூலையில் போட்டாலும் அழுக்கு முன்பக்க வலது மூலைக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து அக்கா தினமும் குழாயால் உறிஞ்சி எடுத்தார். தண்ணீரில் கரைந்த அழுக்கைக் காற்றுக் குமிழி விட்டு நுரையாக்கி மேலே தள்ளும் கருவி ஒன்று தொட்டிக்குப் பின்னால் ஓடியது. அதன் கிண்ணத்தில் சேரும் கறுப்புத் தண்ணீரைப் பார்க்கும்போது அக்காவுக்கு அப்படியொரு திருப்தி.

கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு மோவாயைத் தடவினார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு."

"வார்டுல ஆள் பிழைச்சா சரி," என்றார் அக்கா.

விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது. தீனி ஒரு வேளைதான், மீன் இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவுதான். உறைய வைத்த தீனியைக் கழுவித்தான் போட வேண்டும், அந்தச் சாற்றில்தான் பாஸ்பேட் இருக்கிறது. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குச் சுத்திகரித்த தண்ணீரைத் தவிர ஒரு சொட்டு வேறு விடக் கூடாது. பாசி மேய இருபது நத்தை. இதையெல்லாம் அக்கா எனக்குச் சொல்லும்போது, என் டயட் தாளை யாரோ மீனுக்குப் படித்துக் காட்டுவது போல இருக்கும்.

தொட்டி மறுபடி ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம் வெள்ளைத் தரையில் பழுப்பாகத் தூசி படிந்தது. அக்கா பதறிப்போய் மருந்துப் புட்டியைத் தேட ஆரம்பித்தார்.

"சும்மா இரு," என்றார் டைவர். "புதுசா பெயிண்ட் அடிச்சு இறக்கின கப்பல்லயும் முதல்ல இதுதான் வரும். வந்த வழியிலயே போயிடும்."

போய்விட்டது. பிறகு பச்சை எட்டிப் பார்த்தது. டைவர் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் ஐந்து நிமிஷம் கண்ணாடியையும் தரையையும் சுரண்டினார். வேர்விட நேரம் கொடுக்காமல், இன்றைய பாசியை இன்றைக்கே. "ஊர் ஊராப் போய்ப் பாசி சுரண்டினவன் நான். கடைசியில வீட்டுக்குள்ளயே வேலை போட்டுக் கொடுத்துட்டா," என்று மகளிடம் போனில் அலுத்துக்கொண்டாராம். மகள் அதைக் கேட்டு அழுதிருக்கிறாள். அப்பா அலுத்துக்கொண்டு எத்தனை நாளாயிற்று!

எல்லாம் ஏறுமுகம் என்று சொல்ல மாட்டேன். சுத்தம் சுத்தம் என்று அக்கா போன போக்கில் தண்ணீரில் சத்தே இல்லாமல் போய், புதிதாக நட்ட பவளங்கள் வெளிறத் தொடங்கின. அன்று அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

"அதுங்களுக்கும் என் சாப்பாட்டையே போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவரும் அதேதாண்ணா சொன்னாரு. 'இதுங்க உன் பேஷண்ட் இல்ல, கொஞ்சம் தின்ன விடு'ன்னு."

தீனியைக் கொஞ்சம் கூட்டி, நுரைக் கருவியைக் கொஞ்சம் குறைத்தார்கள். நிறம் திரும்ப ஆறு வாரம் ஆயிற்று. ஒரு துண்டு திரும்பவே இல்லை.

ஒரு வருஷம் முடியும் தறுவாயில் தொட்டி நன்றாகவே இருந்தது. பவளங்கள் பாறையைப் பிடித்துக்கொண்டு கிளை விட்டிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வாங்கிய நீல மீன் ஒன்று டைவரின் விரலருகே வந்து நின்றது.

"ஏங்க," என்றார் அக்கா, "அன்னிக்கு ஒண்ணு உங்க கையிலேருந்தே கொத்தித் தின்னுச்சுன்னு சொன்னீங்களே, அது இந்த ஜாதியா?"

டைவர் கையை மெல்ல வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"அப்படி ஒரு மீனே கிடையாது."

"என்ன?"

"நான் பவளமே பார்த்ததில்ல. துறைமுகத்துத் தண்ணி எப்படி இருக்கும்னு நினைக்கிற? சாக்கடை மாதிரி. எண்ணெய், சேறு. கைய நீட்டினா கை தெரியாது. கப்பலைத் தடவித் தடவித்தான் வேலை. பத்தொன்பது வருஷத்துல நான் கடலோட தரையைக் கண்ணால பார்த்ததே இல்ல. நான் சொன்ன மணல், மீன், தோட்டம்... எல்லாம் கதை."

"எதுக்கு?"

"உனக்குச் சொல்றதுக்கு வேற என்ன இருந்துச்சு? ஆறு மணி நேரம் இருட்டுல இரும்பைச் சுரண்டினேன்னு தினமும் சொல்ல முடியுமா? அடியில வேலை செய்யறப்பவே யோசிச்சுக்கிட்டு இருப்பேன், இன்னிக்கு உனக்கு என்ன சொல்லலாம்னு. அதுலதான் நேரம் போகும். ஒரு நாள் மீன், ஒரு நாள் ஆமை. வீட்டுக்கு வந்து உக்காந்தப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், உனக்குச் சொல்ல எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. எதிர் வீட்டுக் குழாயைப் பத்தியா சொல்றது?"

இதை அக்கா என்னிடம் உடனே சொல்லவில்லை. இரண்டு முறை ஊசி குத்தி, இரண்டு முறை எடுத்து, மூன்றாம் முறைதான் சொன்னார்.

"கோபம் வரலையாம்மா?"

"வரணும்னுதான் பார்த்தேன். வரலண்ணா. இல்லாத கடலைப் பார்த்தா இத்தனை வருஷம் பொறாமைப்பட்டேன்னு சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம் அழுகை வந்துச்சு. இருட்டுல ஆறு மணி நேரம் என்னையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்காரு. அது எனக்குத் தெரியவே தெரியாதே. தெரிஞ்சிருந்தா அப்பல்லாம் அவ்வளவு ஏங்கியிருக்க மாட்டேன்." பிறகு, "இன்னும் அதிகமாத்தான் ஏங்கியிருப்பேன்," என்று திருத்திக்கொண்டார்.

அதன் பிறகு பதினொன்றரை மணிவாக்கில் அவருடைய போன் அடிப்பதை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். நத்தை கண்ணாடியில் முட்டை வைத்திருக்கிறது. சின்ன மீன் பெரிய மீனை விரட்டுகிறது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, "அப்புறம்?" என்பார், "நிஜமாவா?" என்பார். கட்டிலில் கிடக்கும் பன்னிரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம்.

எனக்கு நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது. மெஷின் இல்லாத ஒரு நாள் பஸ் ஏறிப் போனேன். இரண்டாம் மாடி, சின்னக் கூடம், அதன் பாதியைத் தொட்டி அடைத்திருந்தது. நான் மணல் இல்லாத தரையைத்தான் முதலில் பார்த்தேன். வார்டு மாதிரியெல்லாம் இல்லை. வெள்ளைத் தகட்டில் வட்ட வட்டமாக ரோஜா நிறத்திலும் ஊதாவிலும் ஏதோ படர்ந்து, தகடே பாதி மறைந்துவிட்டிருந்தது. அதுவும் ஒரு வகைப் பாசிதான், கல்லாக உறைகிற நல்ல பாசி, அது வந்தால் தொல்லைப் பாசிக்கு இடமில்லை என்றார் டைவர். ஒரு மூலையில் பவளம் ஒன்று பாறையிலிருந்து இறங்கித் தரையிலேயே நடந்து போகத் தொடங்கியிருந்தது.

"மணல் இல்லாதது ஒரு குறையாத் தெரியலையா சார்?" என்று கேட்டேன்.

"குறைதான். மணலுக்குள்ள புகுந்து தூங்குற மீன் ஒண்ணு இருக்கு, தங்க நிறம், ரொம்ப அழகு. அதை நான் வாங்க முடியாது. இந்தத் தரையில அதால வாழ முடியாது. கடைக்குப் போனா அதைப் பார்த்துட்டு வருவேன், அவ்வளவுதான்."

"கால் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. உடம்பு கனக்குது சார். அடியில இருந்தப்ப கனமே கிடையாது. அது மட்டும் கதை இல்ல, நிஜம். அது இனிமே கிடைக்காது." தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து எத்தனை நாளாயிற்று என்பது எனக்கும் தெரியும். சில ஆசைகளுக்கு ஆறுதல் கிடையாது.

அக்கா தேநீர் கொண்டுவந்தார். எனக்கு மட்டும் அளந்து பாதி. டைவர் திடீரென்று குரலை உயர்த்தினார்.

"நிஜப் பவளப்பாறையை எங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது பார்க்கணும் சார். நான் போக முடியாது. அவ போகட்டும். கரையிலேருந்து படகுல அரை மணி நேரம், கண்ணாடி மாட்டிக்கிட்டு முகத்தை உள்ள விட்டா போதும், எல்லாம் தெரியுமாம். இவ என்னடான்னா ஷவருக்கு அடியில நின்னாலே மூச்சு முட்டுதுங்கறா."

"நாற்பத்தெட்டு வயசுல நீச்சலா? ஊரே சிரிக்கும்," என்றார் அக்கா.

"சிரிக்கிறவங்களுக்கு நீச்சல் தெரியுமான்னு கேளு."

அக்கா சேர்ந்துவிட்டார். பொது நீச்சல் குளத்தில் வாரம் இரண்டு நாள், சாயங்காலம். வாழ்நாளெல்லாம் தண்ணீரைச் சோதித்தவரைத் தண்ணீர் நன்றாகவே சோதித்தது. முதல் மாதம் முகத்தை நனைக்கவே மறுத்தார். இரண்டாம் மாதம் கம்பியைப் பிடித்தபடி இருபது எண்ணும் வரை மிதந்தார். டைவரும் கைத்தடியோடு கூடவே போய்க் கரையில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார். "மூச்சை விடு, மூச்சை விடு, அவசரப்படாதே" என்று அவர் போடும் சத்தத்தில் பயிற்சியாளரே மிரண்டு போயிருக்கிறாராம்.

பவளப்பாறை இருக்கும் கரைக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். அக்கா இன்னும் போகவில்லை. அடுத்த வருஷம் கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில் போகலாம் என்று விடுப்பு கேட்டிருக்கிறார். அதற்குள் தேறிவிட வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு குளத்தின் தரை வரை போய்த் தொட்டுவிட்டு வந்தார். தும்மிக்கொண்டும் இருமிக்கொண்டும் ஏறி வந்து, பெஞ்சில் கணவர் பக்கத்தில் சொட்டச் சொட்ட உட்கார்ந்தார். டைவர் துண்டைக்கூட நீட்டவில்லை.

"கீழ என்ன பார்த்த?"

"நீல டைல்ஸ். ஒண்ணு உடைஞ்சிருக்கு. யாரோட தலை கிளிப்போ ஒண்ணு கிடந்துச்சு."

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"ம். வேற?"